நான்காம் நாள்

ஜனவரி 22

இன்றும் கதவருகேதான் சந்திப்பு. யொக் சிம் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து உள்ளே வருகிறாள், நான் கருவிப் பையோடு வெளியே போகிறேன். "சோறு இருக்கு" என்றேன். "சாப்ட்டேன்." கல்யாணமாகி இரண்டு வருடம், எங்கள் பேச்சில் பாதி இதுதான். அவள் சூதாட்ட மேசையில் சீட்டுப் போடும் டீலர். நான் அதே மாதிரி சூதாட்ட விடுதிகளில் ஏசி இயந்திரங்களைப் பார்க்கும் ஒப்பந்தக் கம்பெனி ஆள். அவளுக்கு இரவு, எனக்குப் பகல். சீனாவின் இந்த மக்காவ் நகரில் பாதிக் குடும்பம் இப்படித்தான் ஓடுகிறது. அதற்காகப் பிடிக்க வேண்டுமா என்ன?

ஆனால் இன்று செருப்பைக் கூடக் கழற்றாமல் சொன்னாள்: சூப்பர்வைசர் பதவிக்கு அவள் பெயர் போயிருக்கிறதாம். சீனப் புத்தாண்டு முடிந்ததும் தெரியும். அவர்கள் நிறுவனத்தில் சூப்பர்வைசர் ஆகிவிட்டால் பகல் வேலை. ஒரே நேரத்தில் தூங்கி ஒரே நேரத்தில் எழுகிற சாதாரண புருஷன் பெண்டாட்டி ஆகிவிடலாம்.

"கெடைக்கும்"னு சொன்னேன். பேருந்து வந்துவிட்டது.

ஜனவரி 26

அவளுக்கு ஒரு ஆசை. பிறந்த ஊரை ஒரு நாள் வெளியூர்க்காரி மாதிரி சுற்றிப் பார்க்க வேண்டுமாம். நாளும் அவளே குறித்துவிட்டாள் - புத்தாண்டின் மூன்றாம் நாள். அன்று போனால் வாய்ச்சண்டை வரும் என்று யாரும் யார் வீட்டுக்கும் போக மாட்டார்கள். மாமா, சித்தி தொல்லை இல்லை. இன்னொரு காரணமும் உண்டு. வேலை இல்லாத நேரத்தில் எந்தச் சூதாட்டக் கூடத்துக்குள்ளும் டீலர்கள் காலெடுத்து வைக்கக் கூடாது. சட்டம். புத்தாண்டின் முதல் மூன்று நாள் மட்டும் விலக்கு.

"ஒரே ஒரு தடவ நாற்காலி பக்கம் உக்காரணும் ஃபாய். ஏழு வருஷமா நின்னுக்கிட்டே இருக்கேன்."

"உக்காந்து தோக்கறதுக்கா?"

"தோத்தா என்ன. யாராவது எனக்கு சீட்டுப் போடட்டும்."

ஜனவரி 31

மூன்றாம் நாள். காலையில் போன் - ஒரு விடுதியில் ஏசிக்குக் குளிர்நீர் அனுப்பும் சில்லர் நின்றுவிட்டது, ஆள் இல்லை. மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம்தான். புத்தாண்டுக் கூட்டத்தில் கூடம் வெந்து போனால் யார் தலை உருளும்? சீல் போயிருந்தது. மாற்றி ஓட விட்டு வீடு வரும்போது இருட்டிவிட்டது. புத்தாண்டுக்கு எடுத்த சிவப்புச் சட்டையோடு உட்கார்ந்திருந்தாள்.

"நாளைக்குப் போலாம்."

"நாளைக்கு நாலாம் நாள்."

"ஊரு எங்கயும் போயிடாது."

சட்டையை மாற்றப் போய்விட்டாள்.

பிப்ரவரி 1

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை நன்றாகத்தான் இருந்தது. செயின்ட் பால் தேவாலய இடிபாட்டுப் படிக்கட்டில் கால் வைக்க இடமில்லை. கீழே கடைத்தெருவில் பன்றி இறைச்சித் தகட்டைக் கத்தரித்து வருகிறவர் போகிறவர் கையிலெல்லாம் திணிக்கிறார்கள். அவள் ஒவ்வொரு கடையிலும் வெளியூர்க்காரி மாதிரி மாண்டரினில் பேசி ஒரு துண்டு வாங்கினாள். நாலாவது கடைக்காரம்மா எங்கள் ஊர் கான்டனீஸில் திருப்பிக் கொடுத்தாள்: "ஏம்மா, தெனம் காலைல யூனிஃபார்மோட இந்த வழியாத்தான வீட்டுக்குப் போற? இந்தா, பெருசாவே எடுத்துக்கோ." யொக் சிம் அப்படிச் சிரித்து எத்தனை மாதம் இருக்கும்.

மதியம் பெரிய சூதாட்ட விடுதிகள் இருக்கிற கோத்தாய் பக்கம். செயற்கை வெனிஸ் தெரு, உள்ளே கால்வாய், கூரையில் தீட்டிய வானம். அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். அந்த மேகத்துக்குப் பின்னால் எங்கள் காற்றுக்குழாய் போகிறது என்றேன். ஓரத்தில் பெயின்ட் உரிவது ஈரம் கோத்ததால் என்றும் காட்டினேன்.

"இன்னிக்கு ஒரு நாள் அது மேகமாவே இருந்துட்டுப் போகட்டுமே."

படகில் ஏறினோம். படகுக்காரன் பாடினான். துடுப்பு சும்மா ஒப்புக்கு, அடியில் மோட்டார் இருக்கிறது என்றேன். தெரிந்ததைத்தானே சொன்னேன். அவன் பாட்டை நிறுத்திவிட்டு என்னை முறைத்தான்.

அடுத்து பாதி உயர ஈபிள் கோபுர நகல். டிக்கெட்டில் நேரம் போட்டிருந்தது. போகிற நடைபாதையில் தள்ளுவண்டியும் பெட்டியுமாகக் கூட்டம் அசையவே இல்லை. இடது பக்கம் சூதாட்டக் கூடம். குறுக்கே போனால் நேரே அந்தப் பக்கம். எனக்கு அந்தக் கட்டடம் உள்ளங்கை மாதிரி.

"வா, ரெண்டு நிமிஷம்."

"ஃபாய், இன்னிக்கு நாலாம் நாள்."

"உன்ன யாரு பாத்துட்டு இருக்கா? நடந்துதானே போறோம்."

வந்தாள். நான் இழுக்கவில்லை, அவளாகத்தான் வந்தாள் - சரி, கையைப் பிடித்திருந்தேன்.

வாசல் காவலாளி சின்ன வயசு முகங்களை மட்டும்தான் நிறுத்துகிறான். எங்களை நிறுத்தவில்லை. பாதிக் கூடம் தாண்டியிருப்போம். பக்கத்து மேசையில் ஒரு பாட்டியம்மாவின் கையிலிருந்து பந்தயச் சில்லு ஒன்று நழுவி உருண்டு யொக் சிம் காலடியில் வந்து விழுந்தது. குனிந்து எடுத்தாள். மேசை ஓரத்தில் வைத்தாள். வைத்த கையோடு, இரண்டு கையையும் மெல்லத் தட்டி, விரல்களை விரித்து, உள்ளங்கையைத் திருப்பி மேலே கேமராவுக்குக் காட்டினாள்.

சில்லைத் தொட்ட டீலர் கையில் ஒன்றும் ஒளிக்கவில்லை என்று காட்டுகிற வழக்கம். ஒரு நாளைக்கு நூறு தடவை செய்கிறாள். உலகத்தில் வேறு யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள்.

மேசைக்குப் பின்னால் நின்ற சூப்பர்வைசர் அம்மா பார்த்துவிட்டாள். அருகில் வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"பழைய டீலரா தங்கச்சி? வேலைய விட்டும் கைப்பழக்கம் போகலியாக்கும்?"

யொக் சிம் வாயைத் திறந்தாள். அதற்குள் நான் - நேரமாகிறது, டிக்கெட் வீணாகிறது - "பழசெல்லாம் இல்லீங்க, ராத்திரி டூட்டி இருக்கு அவளுக்கு. குறுக்கதான் போறோம், வழிய விடுங்க."

அந்தம்மா என்னைப் பார்த்தாள். பிறகு யொக் சிம்மைப் பார்த்தாள். "உம் புருஷனா?" என்று மட்டும் கேட்டாள். அதற்குள் பின்னால் அரசாங்க இன்ஸ்பெக்டர் வந்து நின்றிருந்தார். அவருக்கும் கேட்டிருந்தது.

அபராதம். அவள் நிறுவனத்துக்குத் தகவல். ஏசி ஒப்பந்த ஆளான எனக்குச் சட்டம் பொருந்தாதாம். நான் போகலாமாம்.

வெளியே வந்ததும் திட்டுவாள் என்று நினைத்தேன். "டிக்கெட் எடுத்தாச்சே, வா" என்றாள். கோபுரத்தின் மேல் போனோம். ஒரு வெளியூர் ஜோடி கேட்க, அவர்களைப் படம் எடுத்துக் கொடுத்தாள். அவர்கள் எங்களை எடுக்கட்டுமா என்றார்கள்.

"வேண்டாம்" என்றாள்.

பிப்ரவரி 2

நான் சொன்னதில் என்ன பொய்? கேட்டார்கள், பதில் சொன்னேன். அந்தம்மா தப்பிக்க வழி காட்டினாள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? நேராகக் கேட்டால் நேராகத்தான் சொல்வேன். அழுத்தமானி தப்பாகக் காட்டினால் தூக்கிப் போடுகிறோம். மனுஷன் மட்டும் தப்பாகக் காட்டணுமாக்கும்.

பிப்ரவரி 3

சோறு இருக்கு என்றேன், செருப்பைக் கழற்றி அடுக்கிவிட்டு உள்ளே போனாள்.

பிப்ரவரி 13

சூப்பர்வைசர் பட்டியல் வந்துவிட்டது. அவள் இல்லை. அவள் பழக்கிவிட்ட பெண் இருக்கிறாள்.

பிப்ரவரி 16

இன்று நானே ஆரம்பித்தேன். மன்னிப்பு கேட்கத்தான் போனேன். சட்டமே முட்டாள்தனம், நடந்து போகிறவளைப் பிடிப்பது என்ன நியாயம், அந்தப் பாட்டி சில்லை நீ எதுக்குத் தொட்ட, தொட்டாலும் கையைத் தட்டாம இருக்க முடியாதா - எங்கேயோ போய்விட்டது. முழுக்கக் கேட்டாள்.

"நீ சொல்றது எல்லாம் சரிதான் ஃபாய். எப்பவுமே சரியாத்தான் சொல்ற."

"அப்புறம் என்ன?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. நான் என்ன சொல்லப் போறேன்னு அன்னிக்கு ஒரு நிமிஷம் நின்னு பாத்திருக்கலாம். அவ்ளோதான்."

என்ன சொல்லியிருப்பாய் என்று கேட்டேன். யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டே இருந்தாள்.

மார்ச் 2

அவள் தலையில் ஒரு நரைமுடி. எப்போது வந்தது? சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

மார்ச் 19

பேருந்து நிறுத்தத்தில் மெய் குவானைப் பார்த்தேன். யொக் சிம்மின் பக்கத்து மேசைக்காரி, கல்யாணத்தில் தோழியாக நின்றவள். பார்த்தவுடனே பிடித்துக்கொண்டாள்.

"உம் பொண்டாட்டிக்கு மண்ட கிண்ட கொழம்பிடுச்சா? எங்க மேனேஜர் பாவம், மனசு கேக்காம அவளக் கூப்ட்டு, பதவிதான் போச்சு, டீலராவே பகல் ஷிஃப்ட்டுக்கு மாத்தித் தரேன்னாரு. நாங்கல்லாம் அதுக்கு வருஷக்கணக்கா தவம் கெடக்கோம். இவ வேணாம், ராத்திரியே இருக்கட்டும்னுட்டா. எதுக்குய்யா?"

"எப்போ கேட்டாரு?"

"போன மாசமே. உன்கிட்ட சொல்லலியா?"

பேருந்து வந்தது. ஏறவில்லை. அடுத்ததில் போனேன். வேலைக்குத் தாமதம், முதல் தடவை.

மாலை வந்தபோது அவள் கிளம்பிக்கொண்டிருந்தாள். கண்ணாடி முன் நின்று கழுத்துப் பட்டையைச் சரி செய்தாள். நான் கதவோரம் நின்றேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். நேராகக் கேட்டால் அவளும் நேராகச் சொல்லிவிடுவாள்.

நகர்ந்து வழி விட்டேன்.