நாள்காட்டி அட்டையில் எழுதிய விலை

அன்புள்ள அப்பாவுக்கு,

மூட்டு வலி குறைந்ததா? நான் நலம்.

செவ்வாயன்று ஹைதராபாத்தில் எங்கள் சிமெண்ட் கம்பெனி ஆபீஸில் மத்திய அரசின் வணிகப் போட்டி ஆணைய அதிகாரிகள் சோதனை போட்டார்கள். ஐந்து கம்பெனிக்காரர்கள் கூடிப் பேசி ஒரே விலை வைத்தார்களாம். என் போனையும் எடுத்துக்கொண்டார்கள், அதனால்தான் கடிதம். அவர்கள் முன்னால் டீயைக் கொட்டிவிட்டேன், வேறொன்றுமில்லை.

பொங்கல் லீவில் மேனேஜர் போனில் சொன்ன, ஐந்து கம்பெனிக்கும் பொதுவான புது விலையை நம் உடையார்பாளையத்து வீட்டு நாள்காட்டி அட்டையில் குறித்தேனே, "அதை எரிச்சுடச் சொல்லும்மா உங்க அப்பாகிட்ட" என்கிறார் அவர் இப்போது. எரிக்காதீர்கள். அதிகாரியிடம் நானே சொல்லப்போகிறேன். பயத்தில் தூக்கமே இல்லை. தலைமாட்டில் வைத்துப் படுக்க உங்கள் பழைய துண்டு ஒன்று அனுப்புங்கள்.

"மூட்டை இந்த வெல வித்தா எப்படிம்மா கட்டுறது" என்று மாசியில் நம் வீட்டுச் சுவரைப் பாதியில் நிறுத்தினீர்களே. அந்த விலைதான், அப்பா, அட்டையில் இருப்பது.

வளர்மதி