பூ வரைந்த கார்பன் தாள்

மூணாறு,
ஆவணி, 1978

அன்பு மகள் சந்தனத்துக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். லண்டன் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். மழை இன்னும் விடவில்லை, தேயிலைக் கொழுந்து ஈரமாகவே வருவதால் ஃபாக்டரியில் வாட்டி எடுக்க நேரம் பிடிக்கிறது. அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை. உன் தங்கச்சி பூமாரிக்கு மறையூரிலிருந்து ஓர் இடம் வந்திருக்கிறது, பேச்சு இன்னும் முடியவில்லை. இதற்கு மேல் எழுதுவதைக் கவனமாகப் படி, உன் தம்பி நல்லதம்பியின் வேலை இதில் இருக்கிறது.

கையில் காசில்லாமல் ஒரு கார்டைக் காட்டிக் கோட்டு வாங்கினேன் என்று நீ போன கடிதத்தில் எழுதியபோது எனக்கு விளங்கவில்லை. இப்போது விளங்கிவிட்டது. நல்லதம்பி கணக்கெழுதும் ஓட்டலிலும் வெளிநாட்டுக்காரர்கள் அப்படித்தான் கொடுக்கிறார்கள். கார்டில் எண் புடைத்து நிற்கிறது. அதன்மேல் சீட்டை வைத்து மெஷினை இழுத்தால் சீட்டுக்கு நடுவில் இருக்கும் கார்பன் வழியாக எண்ணும் பெயரும் எல்லாப் பிரதியிலும் பதியும். ஆள் போடும் கையெழுத்தும் அந்தக் கார்பனில் விழும், அதைக் கார்டின் பின்பக்கக் கையெழுத்தோடு ஒப்பிட வேண்டும், திருட்டுப்போன கார்டுகளின் எண்கள் அச்சிட்ட புத்தகத்தில் தேட வேண்டும், தொகை பெரியதென்றால் கொச்சிக்கு டிரங்க் கால் போட்டு அனுமதி வாங்க வேண்டும். கடைசியாக, கார்பனை அந்த ஆள் கண்முன்னே கிழித்துப் போட வேண்டும். மற்றதையெல்லாம் நல்லதம்பி ஒழுங்காகச் செய்தான். இதை மட்டும் செய்யவில்லை.

நம் வீட்டில் எதையும் வீணாக்க மாட்டோம் என்பது உனக்குத் தெரியும். ஒருமுறைதான் அழுந்திய கார்பன், நல்ல மை, கிழிக்க மனம் வரவில்லை. தலையணை உறையில் பூத்தையல் போடப் படத்தை நகலெடுக்க உதவுமே என்று பூமாரிக்குக் கொண்டுவந்து கொடுத்தான். அவளும் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தாள்.

வைகாசியில் அந்த ஓட்டலில் தங்கிப்போன ஒரு வெள்ளைக்காரரின் எண்ணைப் பொறித்த போலிக் கார்டைக் காட்டி, ஆடியில் யாரோ கொச்சிக் கடையொன்றில் கைக்கடிகாரம் வாங்கியிருக்கிறான். கார்டு கம்பெனியிலிருந்து மரியஜோசப் என்று ஓர் அதிகாரி விசாரிக்க வந்தார். நல்லதம்பிக்காக நானும் போயிருந்தேன். எண்ணைக் கற்பனையாக எழுத முடியாது, கடைசி இலக்கம் முன்னால் உள்ளவற்றோடு ஒரு கணக்கில் கட்டப்பட்டது, பொய் எண் என்றால் கணக்கு இடிக்கும், அதனால் திருடனுக்கு உண்மையான எண்தான் வேண்டும் என்று அவர் சொன்னார். கையெழுத்தையும் ஏறக்குறைய அப்படியே போட்டிருக்கிறானாம், கார்பனை வைத்துப் பழகாமல் அது வராதாம். அந்த வெள்ளைக்காரர் தேக்கடியிலும் கொச்சியிலும்கூடக் கார்டைக் காட்டியிருக்கிறார். அங்கெல்லாம் கார்பனைக் கிழித்துவிட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். சொன்னார்கள், அவ்வளவுதான். நம் பிள்ளை தங்கச்சிக்குப் பூப்போடக் கொடுத்தேன் சார் என்றான். ஓட்டல் மேனேஜர் சிரித்துவிட்டு, பூவாடா போட்டாய், எங்கள் தலையில் கல்லைப் போட்டிருக்கிறாய் என்றார்.

பெட்டியைக் கொண்டுபோய்க் கொட்டினோம். எல்லாம் இருந்தது, அந்த வெள்ளைக்காரரின் கார்பன் மட்டும் இல்லை. உலகத்தில் உனக்கு வேறு காகிதமே கிடைக்கவில்லையாடி என்று அம்மா பூமாரியைப் பிடித்துக்கொண்டாள். அவள் அழுது ஓய்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. உனக்கு அனுப்பிய தலையணை உறையில் சாமந்திப் பூ வரைந்தது அந்தத் தாளால்தான். அக்காவும் இதே பூவைப் போட்டுக்கொள்ளட்டும் என்று படத்தையும் கார்பனையும் சேர்த்து மடித்து உறைக்குள்ளேயே வைத்துவிட்டாளாம். பார்சலைத் துணியில் தைத்து வைகாசிக் கடைசியில் நானே தபாலாபீசில் கொடுத்தேன். கப்பலில் போவதால் இந்தக் கடிதம் அதை முந்திவிடும் என்று நம்புகிறேன்.

ஆடியில் அந்தத் தாள் கடலில் இருந்தது என்று காட்ட முடிந்தால் நல்லதம்பி பிழைப்பான். அனுப்புமுன் பிரதி எடுத்திருக்கலாமே என்று மேனேஜர் கேட்காமல் இல்லை. முதலில் தாள் வரட்டும், பிறகு பேசுவோம் என்றார் மரியஜோசப். அதுவரை அவனை வேலையை விட்டு நீக்கவும் இல்லை, உள்ளே சேர்க்கவும் இல்லை. காலையில் வழக்கம்போல் சட்டை மாட்டிக்கொண்டு ஓட்டல் வாசல் வரை போய்விட்டு வருகிறான்.

பார்சல் வந்ததும் தையலை மட்டும் பிரி. மேல்துணியில் மூணாறு தபால் முத்திரை இருக்கும், குப்பையில் போட்டுவிடாதே. அந்தத் துணியையும் கார்பனையும் விமானத் தபாலில் ரிஜிஸ்தர் செய்து ஓட்டல் விலாசத்துக்கே அனுப்பு, வீட்டுக்கு வேண்டாம், நாங்கள் தொட்டதாகப் பேச்சு வரக்கூடாது. உறை உனக்குத்தான், அதில் தலை வைத்துத் தூங்கு.

நீயும் கடையில் கார்டு கொடுத்தால் அது உன் கண்ணைவிட்டு மறைய விடாதே. கையெழுத்துப் போட்டதும் கார்பனைக் கேட்டு வாங்கி உன் கையாலேயே கிழித்துப் போடு, கூச்சப்படாதே. மாப்பிள்ளைக்கும் சொல். குலதெய்வம் உங்கள் இருவரையும் ஒரு குறையும் இல்லாமல் காக்கட்டும்.

பூமாரி அனுப்பியதை மட்டும் கிழித்துவிடாதே, அம்மா.

உன் அப்பா,
குருசாமி