பழைய அளவே போதும்

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. நாங்கள் இங்கே நலம். கொஞ்சம் கூடுதலாகவே நலம், அது இடுப்பில் தெரிகிறது.

போனில் பேசலாம் என்றால் இரண்டாவது நிமிடமே மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய். கூரியர் மறுபடி ஓடுகிறது என்றார்கள். அதனால் நீ கேட்ட சட்டையோடு இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன். இதையாவது முழுசாகப் படி.

முதலில் உன் அத்தான் கதை. நாள் முழுக்க நின்றபடி டிக்கெட் கிழித்த மனுஷர், ஊரடங்கில் பஸ் நின்றதும் உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவே இல்லை. காலையில் கேக், மாலையில் வறுவல், நடுவில் அடுப்படிப் பக்கம் நாலு தடவை ரோந்து. இரண்டு மாதத்தில் அவருடைய நாலு பேண்டை இடுப்பில் பிரித்துவிட்டேன். ஐந்தாவதில் பிரிக்கத் துணியே மிச்சமில்லை. பிரஷர் ஏறிவிட்டது என்று டாக்டர் போனிலேயே திட்டினார். இப்போது மொட்டை மாடியில் நடக்கிறார். பழக்கதோஷத்தில் ஒவ்வொரு மூலையிலும் விசில் ஊதுகிறார். ஸ்டாப்பிங் வந்துவிட்டதா, இறங்கலாமா என்று பக்கத்து மாடிக்காரர் கேட்கிறார்.

என் தையல் கடை பாதிக் கதவுதான் திறந்திருக்கிறது. யாரையும் தொட்டு அளவெடுக்கக் கூடாது, வாசலில் நின்று அவரவரே அளவைச் சொல்ல வேண்டும். சொல்கிறார்களே, அத்தனையும் புளுகு! பேங்க் மேனேஜர் இடுப்பு முப்பத்திநாலு என்று கூசாமல் சொன்னார். நான் ஒரு பார்வை பார்த்து முப்பத்தெட்டு தைத்துக் கொடுத்தேன். கச்சிதமாக இருக்கிறது, உடம்பு ஏறவே இல்லை என்று பெருமையோடு போனார். டீச்சரம்மாவோ துணி தண்ணீரில் சுருங்கிவிட்டது என்கிறார். பாவம் துணி.

இப்போது உன்னிடம் வருகிறேன். ஆபீஸ் திறக்கப்போகிறது, சட்டை வேண்டும், பழைய அளவே போதும் என்று மெசேஜ் போட்டாய். கூடவே ஒரு போட்டோ. சிரித்த முகம்தான். ஆனால் நான் முகத்தை மட்டும் பார்க்கிற ஆள் இல்லையே. போன வருஷம் நான் தைத்த நீலச் சட்டையின் தோள் தையல் இரண்டு விரற்கடை கீழே இறங்கிக் கிடக்கிறது. பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டை. இங்கே எல்லோரும் அளவைக் குறைத்துச் சொல்கிறார்கள், நீ ஒருத்தன்தான் கூட்டிச் சொல்லியிருக்கிறாய்.

உன் வீட்டுக்கார அம்மாவிடம் பேசினேன், கோபித்துக்கொள்ளாதே. கீழே மெஸ் மூடியதிலிருந்து உன் அறையில் சமையல் வாசனையே இல்லை, குப்பையில் பிஸ்கட் கவர்தான் என்றார். தனியாக உட்கார்ந்து சாப்பிட உனக்குப் பிடிக்காது, தெரியும். அதற்காகப் பட்டினி கிடப்பதா? முன்பு அல்சர் வந்து ஆஸ்பத்திரியில் ரத்தமாக வாந்தி எடுத்ததை நீ மறந்திருக்கலாம். பாத்திரம் பிடித்தவள் நான், மறக்கவில்லை. இப்போது அப்படி ஆனால் ஓடிவர ஒரு வண்டிகூட இல்லையடா.

சாதம் வடிப்பது, முட்டை வேகவைப்பது, பருப்பு கடைவது எல்லாம் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். உனக்குக்கூடப் புரியும்.

சட்டையை நீ சொன்ன பழைய அளவிலேயே தைத்துவிட்டேன். தொளதொளவென்று இருக்கிறது, பிடித்துக் கொடு என்று கேட்டால் கொடுக்கமாட்டேன். நீதான் உடம்பு தேறி அதை நிரப்ப வேண்டும்.

நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு. இன்றைக்கு மதியம் என்ன சாப்பிட்டாய் என்று எழுது. சாப்பிடவில்லை என்றால் அதையே எழுது, திட்டமாட்டேன். பொய் மட்டும் சொல்லாதே தம்பி, எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் அக்கா