ஆயிரம் கஜத்துக்கு ஒரு குழி

லாரல் லிக்,
ஜூன், ஞாயிறு மாலை.

அன்புத் தம்பி லிண்டனுக்கு,

அக்கா ஆர்டித் எழுதுகிறேன். அங்கே அலாஸ்காவில் மீன் வரத்துப் பருவம் தொடங்கியிருக்கும், உனக்கு மூச்சு விட நேரம் இருக்காது என்று தெரியும். ஆனாலும் இந்தக் கடிதத்தைச் சாப்பாட்டு இடைவேளையில் பாதி, படுக்கப் போகும்போது பாதி என்று படிக்காதே. ஒரே மூச்சில் படி. கையெழுத்து கோணலாக இருந்தால் பயப்படாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை. சந்தோஷத்தில் அவசர அவசரமாக எழுதுகிறேன். நேற்று நான் ஆயிரம் கஜத் தூரத்துக் குறியைச் சுட்டேன். போட்டியில், என் பெயரில், என் கையாலேயே துப்பாக்கிக்கு மருந்து இட்டு!

முதலிலிருந்து சொல்கிறேன். பக்கத்துப் பண்ணையை நேவா என்று ஒருத்தி வாங்கியிருக்கிறாள். நீ பார்த்ததில்லை. ஆடு வளர்க்கிறாள், ஊராருக்கு வேலி போட்டுக் கொடுக்கிறாள், வாய் ஓயாது. மார்ச் மாதம் ஒருநாள் சுவரில் தொங்கிய என் துப்பாக்கியைப் பார்த்து இதில் தோட்டாவை எங்கே போடுவாய் என்று கேட்டாள். தோட்டாவெல்லாம் கிடையாது, குழலின் வாயில் கருமருந்தைக் கொட்டி, மேலே ஈயக்குண்டை வைத்து, கோலால் அடிவரை தள்ளி இறக்க வேண்டும், ஒவ்வொரு முறை சுட்டபின்னும் குழலை ஈரத்துணியால் துடைத்து மறுபடி முதலிலிருந்து என்று விளக்கினேன். "இவ்ளோ பாடு எதுக்குடி? கடையில நல்ல துப்பாக்கி விக்குதே?" என்றாள். "கடையில சீஸ்கூடத்தான் விக்குது. நீ எதுக்கு ஆட்டுக்குப் பின்னால ஓடற?" என்றேன். அன்றிலிருந்து சிநேகிதம்.

ஏன் இப்போது சுடுவதில்லை என்றும் அவளே கேட்டாள். கால் அசையாவிட்டாலும் சுடலாம், தம்பி. மற்றவர்கள் தரையில் படுத்துக் கவைக்கோலில் குழலைச் சாய்த்துச் சுடுகிறார்கள். எனக்குக் கொஞ்சம் உயரமான கவைக்கோல் போதும், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே சுடுவேன். சிக்கல் மருந்து இடுவதில்தான். நின்றுகொண்டு இடுகிறவருக்குக் குழல்வாய் மார்புக்கு வரும். உட்கார்ந்திருக்கிற எனக்கு முகத்துக்கு நேரே வந்து நிற்கும்.

இருந்தாலும் சுடுகளத் தலைவர் ஹோபர்ட்டைப் போய்ப் பார்த்தேன். சிரித்தால் வரி கட்ட வேண்டும் என்று நினைக்கிற மனிதர், உனக்குத் தெரியுமே. கையில் காபியை வைத்துக்கொண்டு நான் சொன்னது முழுவதையும் கேட்டார். பிறகு, "உக்காந்து சுடறதுக்கு உறுப்பினருங்ககிட்ட ஓட்டெடுப்பு வைக்கிறேன், ஆர்டித். ஆனா வேற ஆள் மருந்து இட்டா அது உன் குண்டு இல்லம்மா. நீயே இடணும்னா குழல் உன் மூஞ்சிக்கு நேரா நிக்கும். என் களத்துல யார் மூஞ்சியும் குழலுக்கு முன்னால வரக்கூடாது. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எங்க போய் முட்டிக்கிறது?" என்றார். எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதே. அவர் சொன்ன இரண்டுமே சரி என்பதால் வந்த கோபம் அது.

திரும்பும்போது நேவாதான் வண்டி ஓட்டினாள். நான் திட்டிக்கொண்டே வந்தேன். பாலத்துக்கு அருகில் அவள், "குழல் ஒசரமா இருக்கு, அவ்வளவுதானே? உன்னைத் தூக்க முடியாது. அதை இறக்கலாம்ல?" என்றாள். எங்கே இறக்குவது என்று கேட்டேன். "மண்ணுக்குள்ளதான்! தினம் பத்து கம்பத்துக்குக் குழி போடறவகிட்ட கேக்கற கேள்வியா இது?" என்றாள்.

அன்றே என் முற்றத்தில் அவளுடைய குழி போடும் இயந்திரத்தை வைத்து ஒரு குழி போட்டாள். நேராக இல்லை, என்னைவிட்டு விலகிச் சாய்ந்தாற்போல. உள்ளே ஒரு வடிகால் குழாய், அடியில் துப்பாக்கிக் கட்டை அடிபடாமலிருக்கப் பழைய பூட்ஸின் ரப்பர் அடி. துப்பாக்கியின் கட்டையை அதற்குள் இறக்கினேன், லிண்டன். குழல்வாய் என் விலா எலும்புக்குக் கீழே வந்து, முகத்தைவிட்டு அப்பால் சாய்ந்து, "இப்ப சொல்லு" என்கிற மாதிரி நின்றது. நான் கத்திய கத்தலில் அவள் ஆடுகள் வேலி ஓரமாக ஓடின.

எல்லாம் உடனே சரியாகிவிடவில்லை. கோலை இரண்டு கையாலும் அழுத்தினால் இடுப்பில் பிடிமானம் இல்லாமல் முன்னால் மடிந்து விழுந்தேன். பழைய டிரக்கின் இருக்கைப் பட்டையை வெட்டி மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். அப்புறம் முதல் வெடி. நாற்காலியின் பிரேக்கை நம்பினேன். பிரேக் பிடித்தது, புல் பிடிக்கவில்லை. நாற்காலி என்னோடு பின்னால் வழுக்கிப் போய், நேவாவின் சாப்பாட்டுப் பெட்டியில் இடித்து மல்லாந்தது. புகை விலகியதும் அவள் எட்டிப் பார்த்து, "குறி செத்துச்சோ இல்லியோ, என் சாண்ட்விச் செத்துருச்சு" என்றாள். அதற்குப் பிறகு வைக்கோல் வண்டிக்குப் போடுவது போலச் சக்கரங்களுக்குப் பின்னால் ஆப்புக்கட்டை.

ஹோபர்ட் வந்து பார்த்தார். தானே என் நாற்காலியில் உட்கார்ந்து, வெறும் குழலில் கோலை விட்டுப் பார்த்து, எழுந்து போய்விட்டார். ஓட்டெடுப்பு அன்று பின்வரிசையில் ஒருவன், "இன்னிக்கு நாற்காலி, நாளைக்கு மெத்தையா?" என்று கேட்டான். ஹோபர்ட் திரும்பிக்கூடப் பார்க்காமல், "மெத்தையும் உண்டு. முதுகெலும்பை உடைச்சுக்கிட்டு வா, போட்டுத் தரேன்" என்றார். சம்மதம் என்று எழுந்த கைகளை நான் இரண்டு தடவை எண்ணினேன்.

நடுவில் வீட்டுச் செய்தி. கூரைக்குப் புதுத் தகடு போட்டாயிற்று. உன் ரம்பம் கொட்டகையில்தான் இருக்கிறது, துருப்பிடிக்காமல் எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். அன்றைக்கு நீ சாய்த்த அந்தப் பட்டமரத்தின் விறகு இந்தக் குளிர்காலத்தோடு தீர்ந்தது. நல்ல விறகு, புகையே இல்லை. வீடு முழுக்கச் சூடாக இருந்தது. அது பக்கம் மாறி என்மேல் விழுந்த இடத்தில் இப்போது புல் மண்டிக் கிடக்கிறது. நேவாவின் ஆடுகளை அங்கே மேய விட்டிருக்கிறேன்.

இனி நேற்றைய கதை. முந்தின நாள் நல்ல மழை. சுடுகளத்தில் எனக்காகப் போட்ட குழியின் மூடியைத் திறந்தால் பாதிவரை தண்ணீர், அதில் ஒரு தேரை! நேவா காபிக் குவளையால் இறைக்கிறாள், தேரை அசைவேனா என்கிறது. போட்டி தொடங்க வேண்டும், பதினான்கு பேர் காத்திருக்கிறார்கள். கடைசியில் நம் ஹோபர்ட், அந்தச் சலவைச் சட்டையோடு சேற்றில் குப்புறப் படுத்து, தோள்வரை கையை விட்டு அதைப் பிடித்துத் தூக்கினார். "இவருக்கு உறுப்பினர் சீட்டு இல்லை" என்று சொல்லி வேலிக்கு அப்பால் விட்டார். அவர் வேடிக்கை பேசி நான் கேட்டது அதுவே முதல் தடவை.

முதல் இரண்டு குண்டு எங்கே போயின என்று கடவுளுக்குத்தான் தெரியும். காற்றுப் பார்க்க நட்ட நடுவழிக் கொடி வலப்பக்கம் பறந்தது, குறிக்குப் பக்கத்துக் கொடி இடப்பக்கம். அந்தப் பள்ளத்துக் காற்றின் குணம் உனக்குத் தெரியாதா? மற்றவர்களுக்குத் தொலைநோக்கியில் காற்றுப் பார்த்துச் சொல்ல ஆளுக்கொரு துணை இருந்தது. எனக்கு நேவா. "என்னடி தெரியுது?" என்று கேட்டால், "அங்க ஏதோ ஆடு மாதிரி நிக்குது" என்கிறாள். ஆடு இல்லை, குறிப்பலகை! ஆனால் மூன்றாவது குண்டிலிருந்து கை பழைய வேலையை நினைத்துக்கொண்டது. குழியில் இறக்கு, துடை, மருந்து, குண்டு, கோல், தூக்கு, மருந்தைப் பற்றவைக்கும் மூடியைப் பொருத்து, மூச்சை விடு. ஒவ்வொரு தடவையும் பலகை கீழே இறங்கும், மறுபடி எழும், குண்டு பட்ட இடத்தில் அடையாள வட்டு தெரியும். கடைசிக் குண்டுக்குப் பலகை இறங்கியது, எழவே இல்லை. தவறிவிட்டது என்றே நினைத்தேன். பிறகு மெதுவாக எழுந்தது. வட்டு நட்டநடுவில்! குறிக்குக் கீழே பதுங்குகுழியிலிருந்து பலகையை ஏற்றி இறக்கியவர்கள் தொப்பிகளைக் கம்பில் மாட்டி ஆட்டினார்கள். அதற்குத்தான் அவ்வளவு தாமதம்.

பதினான்கு பேரில் ஆறாவதாக வந்தேன். ஹோபர்ட் ஏழாவது. "குழி தோண்ட விட்டது என் தப்பு" என்று முணுமுணுத்துக்கொண்டே கை கொடுத்தார். தோளில் இரும்பு வைத்த பிறகு படுக்க முடியாமல் சுடுவதையே விட்ட மெர்ல், வேடிக்கை பார்க்க வந்தவர், என் நாற்காலியையே சுற்றிச் சுற்றி வந்தார். அவர் மனைவி, "வீட்டுக்கு வாங்கன்னா வரமாட்டேங்கறாரு, குழிய பாத்துக்கிட்டே நிக்கிறாரு" என்று அலுத்துக்கொண்டாள். இன்னும் மூன்று குழிகள் போடச் சொல்லி ஹோபர்ட் நேவாவிடம் ஏற்பாடு செய்துவிட்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். செப்டம்பரில் ஜோடிப் போட்டி. ஒருவர் சுட, மற்றவர் காற்றுப் பார்க்க வேண்டும். உன் ஜோடி யார் என்று ஹோபர்ட் கேட்டார். என் தம்பி என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னதற்குக் கோபித்துக்கொள். வந்து கோபித்துக்கொள். "அவன் காத்தைப் பாத்தா தப்பாது" என்று மட்டும் சொன்னார்.

என் நாற்காலியைத் தள்ள ஆள் தேவையில்லை, தம்பி. சமைக்கவும் தேவையில்லை. என்மேல் இரக்கப்படுகிறவர்கள் இங்கே போதுமான அளவுக்கு இருக்கிறார்கள். எனக்கு வேண்டியது பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை இடுக்கிக்கொண்டு இடமா, வலமா, எவ்வளவு என்று சொல்கிற ஒருவன். நீ சொன்னால் நான் இரண்டாம் தடவை கொடியைப் பார்க்க மாட்டேன். நீ சொன்ன பக்கம் சுடுவேன்.

குளிரில் தலையை மூடிக்கொள். வேளாவேளைக்குச் சாப்பிடு. கடவுள் உன் தூக்கத்தை உனக்குத் திருப்பித் தரட்டும்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அக்கா ஆர்டித்.