பதினேழு புள்ளிகள்

என் சின்னவளுக்கு,

அன்றைக்கு வகுப்பில் நாற்பது பிள்ளைகள் முன்னால் தப்பு என் மேலதான் என்று நான் சொல்லவில்லை, வீட்டுக்கு வந்தும் சொல்லவில்லை. நலம் விசாரிக்கும் முன்பே இதில் ஆரம்பிக்கிறாளே என்று பார்க்காதே. நாங்கள் நலம், அப்பாவின் முட்டிவலி மட்டும் வீட்டில் மூன்றாவது ஆள் மாதிரி கூடவே இருக்கிறது, நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். நீ டீச்சராகி மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் ஓயாமல் பேசுகிற ஒருத்தியைத் திங்கட்கிழமை தனி இடத்துக்கு மாற்றப்போவதாக எழுதியிருக்கிறாய், பிள்ளைகளின் நடத்தையைக் குறிக்க என்னை மாதிரியே கட்டம் போட்ட நோட்டும் வைத்திருக்கிறாயாம். பெருமைப்பட்டிருக்க வேண்டும், நான் உடனே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஐந்தாம் வகுப்பில் நீ என்னிடமே படித்த வருஷம் ஞாபகமிருக்கும். பள்ளி வாசலைத் தாண்டினால் நான் டீச்சர், வீட்டில்தான் அம்மா என்று நமக்குள் ஒப்பந்தம். யார் பேசினாலும் அவர் பெயருக்கு நேரே ஒரு புள்ளி வைப்பேன், ஒரே வாரத்தில் உனக்குப் பதினேழு. கணக்கு டீச்சர் நோட்டை எட்டிப் பார்த்து, ஊருக்கெல்லாம் பாடம் நடத்துறீங்க, உங்க பொண்ணு வாய்க்கு ஒரு பூட்டு வாங்க மாட்டீங்களா என்று சிரித்தார். எனக்கு அப்போது முப்பது வயது, மகளுக்குச் சலுகை காட்டுகிறாள் என்ற பேச்சுக்குப் பயந்தவள். மறுநாளே உன்னை உன் சிநேகிதி குருவியின் பக்கத்திலிருந்து எழுப்பிக் கதவோரம் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்தேன். நீ ஏதோ சொல்ல வந்தாய், அதற்கும் ஒரு புள்ளி வைத்தேன். அடுத்த வாரம் குருவியின் நோட்டில் ஒரு வரிகூட இல்லை, கேட்டால், டீச்சர், அவதான் எனக்கு போர்டைப் படிச்சுச் சொல்வா, எனக்கு எழுத்தெல்லாம் பூச்சி மாதிரி நெளியுது என்றாள். நீ எத்தனை தடவை வாய் திறந்தாய் என்று எண்ணினேனே தவிர, ஒரு தடவைகூடப் பக்கத்தில் வந்து நின்று என்ன பேசுகிறாய் என்று கேட்கவில்லை. குருவி கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்த அன்று வகுப்பே கைதட்டியது, நீ கடைசி பெஞ்சிலிருந்து என்னையே பார்த்தாய். நான் திரும்பிச் சாக்பீஸை எடுத்துத் தேதி எழுதினேன். உன்னைப் பழைய இடத்துக்குக் கூப்பிடவும் இல்லை, கூப்பிட்டால் முதலில் செய்தது தவறு என்று ஆகிவிடுமே.

அதனால் திங்கட்கிழமை அந்தப் பிள்ளையை எழுப்பாதே. நோட்டை மூடிவிட்டுப் பின்னால் போய் நின்று காது கொடு. வெறும் அரட்டை என்றால் அவளை இடம் மாற்றிவிடு, நான் குறுக்கே வரமாட்டேன். என்ன பேசினாள் என்று மறக்காமல் எழுது. தொண்டையைப் பார்த்துக்கொள், கத்திப் பாடம் நடத்தாதே, குளிருக்குக் காலுறை போட்டுக்கொண்டு தூங்கு. நீயும் உன் வகுப்புப் பிள்ளைகளும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும். குருவி கண்ணாடியோடு வந்த அன்று சாயங்காலம், நீ சமையலறை வாசலில் நின்று பசிக்குது டீச்சர் என்றாய். அந்த வருஷம் முடியும்வரை வீட்டிலும் அப்படித்தான் கூப்பிட்டாய்.

இப்படிக்கு,
அம்மா