பெட்டியில் பதியாதவர்கள்

6, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். பெட்டியை மூன்றாவது முறையாகப் பிரித்துக் கட்டியாயிற்று. பழைய வைஃபை ரூட்டர், பிவிசி குழாய்க்குள் ஆன்டெனா, சின்ன சோலார் தகடு. உப்புக்காற்று அரிக்காமலிருக்க, சால்டர் வைத்த இடமெல்லாம் நெயில் பாலிஷ். தகட்டில் படியும் அனல்மின் நிலையச் சாம்பலுக்கு என்ன செய்வது? தெரியவில்லை.

காத்திவாக்கத்தில் பாதி நேரம் டவர் கிடைக்காது. இது வேலை செய்தால் படகிலிருந்து கரைக்குக் காசில்லாமல் பேசலாம்.

பெட்டியை மாட்டக் கம்பம் ஏறியது சேகர். பாலிடெக்னிக் நாளிலிருந்து தோஸ்து. இறங்கும்போது லுங்கி கிழிந்து, "மானமே பூட்ச்சி!" சிரித்துச் சிரித்து எனக்கு வயிற்றுவலி.

9, வெள்ளி
வெயில். முகத்துவாரம் வரை சிக்னல் எட்டுகிறது! தூரம் பார்க்க, இணையும் ஒவ்வொரு போனையும் இடம், நேரத்தோடு பதிய வைத்திருக்கிறேன்.

கஸ்தூரி அக்கா இணையவில்லை. கழிமுகத்தின் மேற்குப் பக்கம் இடுப்பளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிப்பவர். கூடையைப் பல்லில் கடித்துக்கொள்வார்; கூடைக்காரர்கள் எல்லாருக்கும் இதே முறை. "ரெண்டு கையும் தண்ணில கீது. போனு வூட்லதான் கெடக்கும்." சேகரும் பக்கத்தில் இருந்தான்.

வாங்க: சிலிகான், நட்டு, அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை.

14, புதன்
புழுக்கம். கழிமுகத்தில் மண் கொட்டப்போகும் கம்பெனியின் கூட்டம். திரையில் ஒரு பட்டியல். என் பெட்டி பதிந்தது! அதே கட்டங்கள், அதே வரிசை. "மேற்குப் பக்கம் யாரும் தொழில் செய்யறதில்ல, பாருங்க" என்றார் கம்பெனி அதிகாரி. ஆள் இல்லாத இடத்துக்கு நஷ்டஈடும் இல்லையாம்.

பெட்டியின் கடவுச்சொல் தெரிந்தது இரண்டே பேருக்கு, எனக்கும் சேகருக்கும். சேகர் கடைசி வரிசையில். கழுத்தில் கம்பெனி அட்டை. வெளியே வந்ததும் மறித்துக் கேட்டேன்.

"வேல தரேன்னாங்கோ, குட்த்தேன். பொய்யா குட்த்தேன்? மெஷினு சொன்னதுதான?"

"கூடைக்காரங்க போன் எடுத்துட்டுப் போறதில்லைன்னு உனக்குத் தெரியாதா?"

அட்டையைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டான். துரோகி. எத்தனை வருஷம் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டோம். செருப்பால் அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. பஸ்ஸில் அழுதேன்.

15, வியாழன்
கம்பத்தில் நானே ஏறிப் பெட்டியை அணைத்தேன். என்ன பயன், பட்டியல் அவர்களிடம்.

இறங்கினால் கீழே கஸ்தூரி அக்கா. "இருவது வருசமா அங்கதான் கீறேன். உம் பொட்டிக்கு மட்டும் எப்டிம்மா தெரியாம போச்சு?" என் தப்பும்தான் என்றேன். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

16, வெள்ளி
மழை மூட்டம். கலெக்டருக்கு மனு, அக்கா வீட்டில் உட்கார்ந்து. கையில் போன் உள்ளவர்களைத்தான் இந்தப் பெட்டி அறியும், செய்தவள் நான், என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கூடைக்காரர்கள் பெயர் மட்டும் இரண்டு பக்கம்.

சேகரிடமிருந்து நாலு போன். எடுக்கவில்லை.

"பட்டியலக் குட்த்தவன் பேரும் போடு" என்றார் அக்கா. எழுதினேன். முழுப் பெயர், இனிஷியலோடு.