எழுத்தில்லாத பெட்டி

திங்கட்கிழமை

அன்புள்ள மச்சானுக்கு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், உனக்கென்ன குறை. நீ அனுப்பிய பார்சல் வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. நான் சூப்பர்வைசராக இருக்கும் பார்சல் கூடத்தின் வழியாகவே அது வந்தது. பெல்ட்டில் மற்ற பெட்டிகளோடு உன் கோணல் கையெழுத்தும் நகர்ந்து வருவதைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், பிறகு அழுவாய். கடிதத்தில் நான் சொல்ல வந்ததை முடிக்கலாம். அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் அக்கா அப்படியேதான் இருக்கிறாள். படுக்கையில் விழுந்து நாலு மாதம் முடிந்தது. பேச்சு வரவில்லை. கை கால் வரவில்லை. இடது கைச் சுட்டுவிரல் மட்டும் தூக்கித் தூக்கி வைக்கிறாள். மூளையில் பேச்சுக்கும் அசைவுக்கும் போகிற வழிதான் அடைத்துப் போயிருக்கிறது, புத்தி முழுசாக இருக்கிறது, நாம் பேசுவதெல்லாம் அவளுக்குப் புரியும் என்று டாக்டர் சொல்கிறார். அதை நல்ல செய்தியாகச் சொல்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. காலையில் நான்தான் பல் தேய்த்துவிடுகிறேன், துடைக்கிறேன், புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கொரு தடவை திருப்பிப் போடுகிறேன். மதிய ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டேன். நான் போன பிறகு எதிர்வீட்டுத் தையல்காரம்மா வந்து உட்காருகிறாள். உன்னிடம் இதையெல்லாம் பெருமைக்குச் சொல்லவில்லை. யார் செய்கிறார்கள் என்று உனக்குத் தெரிந்திருக்கட்டும் என்று சொல்கிறேன்.

இப்போது உன் கைவேலைக்கு வருகிறேன். லிப்ட் ரிப்பேர் செய்கிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமையானால் தூங்கத் தெரியாதா. கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பச்சைப் பலகை. அதை கம்ப்யூட்டரின் யூஎஸ்பி துளையில் செருகினால், யாரோ மவுஸைப் பிடித்து அசைக்கிறார்கள் என்று கம்ப்யூட்டர் நம்பிவிடும். வலப்பக்கம் ஒரு நூலளவு, இடப்பக்கம் ஒரு நூலளவு, நாற்பது நொடிக்கு ஒரு தடவை. வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற உன் அக்கா எழுந்து போய்விட்டு வருவதற்கு வசதியாக, தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து அனுப்பினாய். அவள் அதற்கு எலிக்குட்டி என்று பெயர் வைத்தாள். நட்டு எனக்கு எலிக்குட்டி அனுப்பியிருக்கான் பாரு என்று தையல்காரம்மாவிடம்கூடக் காட்டினாள். உன்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடினாள். அந்த ஆட்டம் எங்கே கொண்டுவந்து விட்டது பார்.

அவள் ஆபீஸில் மவுஸ் அசையாவிட்டால் திரையில் இருக்கும் பச்சைப் புள்ளி மஞ்சளாகும், பிறகு சிவப்பாகும். சிவப்பு கால் மணி நேரம் நின்றால் அவர்களே போன் செய்வார்கள். அவள் எடுக்காவிட்டால் எனக்குச் செய்வார்கள். அவமானமான ஏற்பாடுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அன்றைக்கு அந்த ஏற்பாடு வேலை செய்திருந்தால் பத்து மணிக்கெல்லாம் என் போன் அடித்திருக்கும். அவள் ஒன்பதரைக்கு அடுப்படியில் விழுந்தாள். நான் ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்குக் கதவைத் திறந்தேன். அவள் முகம் குளிர்சாதனப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தது. அறையில் கம்ப்யூட்டர் திரை நன்றாக எரிந்துகொண்டிருந்தது. பச்சைப் புள்ளி. உன் எலிக்குட்டி அவளுக்காக வேலை பார்த்துக்கொண்டிருந்தது. இன்று உங்கள் குழுவில் ஒரு நிமிடம்கூட ஓய்ந்திருக்காதவர் நீங்கள்தான் என்று ஆபீஸிலிருந்து பாராட்டுச் செய்தி வந்திருந்தது. முதல் சில மணி நேரத்துக்குள் கொண்டு வந்திருந்தால் ஊசி போட்டுக் கையையும் வாயையும் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். அதை நீ மனப்பாடம் செய்துகொள்.

முதலில் அனுப்பிய பலகை பத்து நிமிடத்தில் தானாக நின்றுவிடும், இரண்டாவதுதான் நிற்காமல் ஓடுகிறது, அதையும் அக்காதான் கேட்டாள் என்று போனில் அழுதாய். தம்பி, பத்து நிமிடம் போதவில்லை, நிறுத்தாமல் ஓடுகிற மாதிரி ஒன்று செய்து அனுப்பு என்று அவள் செய்தி அனுப்பினாளாம். அனுப்பட்டுமே. கேட்டால் செய்துவிடுவதா? விஷம் கேட்டால் கலக்கிக் கொடுப்பாயா?

இப்போது இந்தப் புதுப் பெட்டி. ஒரே ஒரு பெரிய பொத்தான், உள்ளே அதே மாதிரி ஒரு பலகை. கம்ப்யூட்டரில் செருகினால் திரையில் அ, ஆ என்று எழுத்துகள் ஒவ்வொன்றாக ஓடும், வேண்டிய எழுத்து வரும்போது அக்கா விரலால் அமுக்கினால் அது நிற்கும், இப்படி அவள் மனதில் உள்ளதை எழுதிவிடலாம் என்று விளக்கி எழுதியிருக்கிறாய். பிசியோதெரபி செய்ய வரும் பெண் அதைப் பார்த்துவிட்டுக் குதித்தாள், இன்றைக்கே மாட்டிப் பார்க்கலாம் சார் என்றாள். கம்பி ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். உன் பலகை ஒன்று என் வீட்டில் போதும். பெட்டியை மாட்டாமலே திருப்பி அனுப்புகிறேன். இன்னொன்று செய்யாதே, அனுப்பாதே, போனும் செய்யாதே.

நீ செய்ததற்குப் பிறகும் உனக்குக் கெடுதல் நினைக்காத
அத்தான்

*

ஞாயிற்றுக்கிழமை காலை

மச்சானுக்கு,

மூன்று வாரம் கழித்து உன் கடிதம் கிடைத்தது. நாலு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் உன் காலில் நீயே விழுந்து, என் காலிலும் விழுந்து, கடைசி அரைப்பக்கத்தில் எழுந்து நின்றிருக்கிறாய். பரவாயில்லை, உனக்கும் முதுகெலும்பு இருக்கிறது.

பெட்டி இன்னும் வந்து சேரவில்லையே என்று கேட்டிருக்கிறாய். அதை நான் அனுப்பவில்லை. அலமாரிக்கு மேலே இருக்கிறது. அனுப்புகிறேன் என்று எழுதினேன், அனுப்பக் கை வரவில்லை.

நீ கேட்ட மற்றக் கேள்விக்கு வருகிறேன். நான் எழுதியதைப் படித்த பிறகு அந்தப் பழைய செய்தியைத் தேடி எடுத்துப் பார்த்தாயாம். அதில் தம்பி என்று இருக்கிறது. பிறந்ததிலிருந்து அக்கா உன்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. நட்டு கழண்டவனே என்று தொடங்கி, அது சுருங்கி நட்டு ஆகி, உன் கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போதுகூட அவள் நட்டு என்றே போடச் சொன்னாள். அவள் கையால் தம்பி என்று எழுத மாட்டாள், அத்தான், அதை யார் எழுதினது என்று கேட்டிருக்கிறாய். நாலு மாதமாக உன் மண்டைக்கு இது உறைக்கவில்லை, நானே அந்தச் செய்தியை வார்த்தை மாறாமல் எழுதிக் காட்டிய பிறகுதான் உறைத்தது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நான்தான் எழுதினேன். அவள் குளிக்கப் போயிருந்தபோது அவள் போனிலிருந்து எழுதினேன். மூன்று மணிக்கு நான் பசியோடு வந்தால் சாப்பாடு ஆறிக் கிடந்தது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடிப்போய் அந்தப் பலகையைப் பிடுங்கிச் செருகினால் அடுப்பில் நிற்க முடியவில்லை என்று அவளே ஒருநாள் சலித்துக்கொண்டாள். பலகை நிற்காமல் ஓடினால் நிதானமாகச் சமைக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. அவ்வளவுதான். இதைப் பெரிய குற்றம் என்று எந்தக் கோர்ட்டிலும் சொல்ல மாட்டார்கள். புதுப் பலகை வந்தபோது அவள் போனில் அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டாள். கோபப்படவில்லை, சிரித்தாள். நான் எப்ப அவனை தம்பினு கூப்பிட்டேன், பொய்யைக்கூட ஒழுங்கா எழுதத் தெரியலையே உங்களுக்கு என்றாள். ஆக, அவளுக்கும் தெரியும். தெரிந்தேதான் அதைச் செருகி வைத்தாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பிறகு நீ தோண்டித் துருவ வேண்டாம். அன்றைக்குப் பதினொன்றரைக்கு நான் போன் செய்தேன். அவள் எடுக்கவில்லை. அதற்கு முந்தின நாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருந்தேன். அந்தக் கோபத்தில்தான் எடுக்காமல் இருக்கிறாள் என்று நினைத்தேன். எடுக்காவிட்டால் கிட என்று ஒரு செய்தி அனுப்பினேன். அவளும் கிடந்தாள்.

பத்தாம் தேதி லீவு போட்டு வருகிறேன், பெட்டியை நானே மாட்டி அக்காவையே கேட்கிறேன் என்று மிரட்டியிருக்கிறாய். வந்து? கேட்டு? அதன் பிறகு அவளை எங்கே கொண்டுபோவாய்? மூன்று பேர் படுக்கிற உன் அறைக்கா? உன் பெண்டாட்டி அவளுக்கு மலம் துடைப்பாளா? நீ துடைப்பாயா? இதைக் கேட்பதற்கு எனக்குக் கூச்சமில்லை. நீ இரண்டு வாரம் இருந்து, என் சட்டையைப் பிடித்து, அழுது, சாமான் கட்டிக்கொண்டு போய்விடுவாய். அதற்கு மறுநாள் காலையிலும் அவள் வாயைத் திறந்து பிரஷ்ஷை வைக்கப் போகிறவன் நான்தான். அப்போது அவள் என்னைப் பார்க்கும் பார்வை உனக்குத் தெரியாது. இந்த நாலு மாதத்தில் அவள் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்ததே இல்லை. பார்த்துக்கொண்டே இருக்கிறாள். அவளைத் திருப்பிப் போடும்போது முகம் அந்தப்பக்கம் போகிறது, அந்த இரண்டு மணி நேரம்தான் நான் உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

போன ஞாயிறு பெட்டியைக் கீழே இறக்கினேன். ஏன் இறக்கினேன் என்று கேட்காதே. கம்ப்யூட்டரில் செருகி, அவள் விரலுக்கு அடியில் பொத்தானை வைத்தேன். எழுத்துகள் ஓட ஆரம்பித்தன. அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. உன் வேலை என்றும் தெரிந்திருக்கும், அவள் கண் அப்படி மின்னியது. முதல் தடவை தவறவிட்டாள். இரண்டாம் தடவையும் தவறவிட்டாள். நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. துடைத்துவிட்டு, நிதானமா பண்ணு என்று நான்தான் சொன்னேன். மூன்றாம் தடவை அமுக்கினாள். த என்ற எழுத்து நின்றது.

அதற்கு மேல் நான் பார்க்கவில்லை. ஒயரைப் பிடுங்கிவிட்டேன்.

தம்பி என்று எழுதத்தான் ஆரம்பிக்கிறாள் என்று நினைத்தேன். நீங்கள் பொய்யாக எழுதிய சொல் எனக்கு மறக்கவில்லை என்று என்னிடம் சொல்கிறாள் என்று நினைத்தேன். பிறகு ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் தோன்றியது, தண்ணீருக்கும் அந்த எழுத்துதான். ஓடிப்போய் எடுத்துவந்து ஸ்பூனால் கொடுத்தேன். வாயோரமாக வழிந்து தலையணையில் இறங்கியது. அவளால் விழுங்க முடியவில்லையா, விழுங்கப் பிடிக்கவில்லையா என்று தெரியவில்லை. பொத்தான் இருந்த இடத்தில் அவள் விரல் வெகு நேரம் போர்வையை அமுக்கிக்கொண்டிருந்தது. அந்த விரலை என் கையால் மூடிப் பிடித்துக்கொண்டேன். உள்ளே அது அசைந்துகொண்டுதான் இருந்தது.

மச்சான், இதுவரை உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். நீ வராதே. எழுத்து ஓடுகிற பெட்டியும் வேண்டாம். அதே பலகையை வைத்து வேறு ஒன்று செய்து அனுப்பு. ஆறு பொத்தான் போதும். ஒவ்வொன்றையும் அமுக்கினால் ஒரு வார்த்தை மட்டும் திரையில் வர வேண்டும், வேறு எதையும் அவளால் எழுத முடியக் கூடாது. வார்த்தைகளை நான் யோசித்து வைத்திருக்கிறேன். தண்ணீர். பசி. வலி. திருப்பிப் போடு. விளக்கை அணை. ஆறாவது பொத்தானுக்கு ‘வேண்டாம்’ என்ற வார்த்தையை முதலில் எழுதினேன், பிறகு அடித்துவிட்டேன். அதில் சரி என்று போடு. நான் செய்ததற்கு அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவளிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அதற்கு அவள் விரல் வேறு எங்கேயும் போகாதபடி அந்தப் பொத்தானை மட்டும் கொஞ்சம் பெரிதாக, விரலுக்குக் கிட்டத்தில் வை.

நீயும் உன் பெண்டாட்டி பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல் நூறு வயது இருங்கள்.

அத்தான்